ஓம் என்று பெயர் கொண்ட மொழி

1

ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் சப்பாத்தைக் கழற்றுகிற நேரம் பார்த்துப் பிரான்சிலிருந்து தொலைபேசி வரும். அழைப்பவர் என் சம்பந்தி ரேமோன். தெற்குப் பிரான்சில், தூலூஸ் நகரிலிருந்து கொஞ்சத் தூரம் தள்ளி ஒரு சிறிய ஊரில், வாழ்நாள் முழுக்க மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் பேசுகிறோம். அவர் உரத்த குரலில் "ஓம்?" என்பார். நான் "ஒக்!" என்பேன். பிறகு ஆளுக்காள் தன் தன் மொழியில் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் முறைப்பாடு சொல்லுவோம். சொல் விளங்காவிட்டாலும் பெருமூச்சு விளங்கும்.

ஒக் என்றால் அவருடைய மொழியில் ஓம், அதாவது ஆம். அந்த மொழிக்குப் பெயர் ஒக்சித்தான். ஓம் என்கிற சொல்லைத் தன் பெயராக வைத்துக்கொண்ட மொழி. ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் இப்படியொரு மொழியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் போன வருடம் வரை கேள்விப்பட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் இளவாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் வரலாறு படிப்பித்தவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

ரேமோன் தன் மகனுக்குப் பெண் கேட்டு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, போன ஞாயிற்றோடு ஒரு வருடம். அந்த நாளை நான் கெடுக்கப் பார்த்தேன். எப்படிக் கெடுக்கப் பார்த்தேன், எப்படி அது கெடாமல் தப்பியது என்பதை எழுதிவிட வேண்டும் போல் இருக்கிறது.

2

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்தேன். கடைசியில் ஒரு கவுன்சிலின் வாகனத் தரிப்புப் பகுதியில் எழுத்து வேலை கிடைத்தது. பிழையான இடத்தில் காரை விட்டுத் தண்டம் வாங்கியவர்கள் மேன்முறையீடு எழுதுவார்கள். மனைவிக்குப் பிரசவ வலி, நாய்க்கு வயிற்றோட்டம், அறிவிப்புப் பலகையை மரக்கிளை மறைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் நான் எழுதிய பதில் ஒன்றுதான்: "உங்கள் விடயத்தைப் பரிசீலித்து அறியத் தருவோம்." ஓய்வு பெறும் வரை அதையே எழுதினேன். அந்த வேலையை நான் மிக நன்றாகச் செய்தேன் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? நான் அதற்காகவே வளர்க்கப்பட்டவன்.

வீட்டில் அதே பதிலுக்கு "பாப்பம்" என்று பெயர். என் மகள் செலின் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டால், பாப்பம். பியானோ பழகக் கேட்டால், பாப்பம். நாய்க்குட்டி கேட்டால், பாப்பம் பிள்ளை, பாப்பம். ஓம் என்றால் செய்ய வேண்டும்; இல்லை என்றால் அழுவாள். பாப்பத்தில் இரண்டு கரைச்சலும் இல்லை.

அவள் வளர வளர என்னோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். அவள் சொன்னதை இங்கே நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வருகிற நோய்தானே என்று நானும் மற்றத் தகப்பன்மாரோடு சேர்ந்து கவலைப்பட்டேன். கோவில் மண்டபத்தில் தமிழின் எதிர்காலம் பற்றிப் பேச்சுக்கூடப் பேசினேன். ஒருநாள் அவளிடமே கேட்டேன். பதினாறு வயது இருக்கும்.

"ஏன் பிள்ளை, மாமியோடை தமிழ் கதைக்கிறாய், என்னோடை மட்டும் ஏன் இங்கிலீஷ்?"

"அப்பா, தமிழிலை கேட்டா நீங்க பாப்பம் எண்டுறீங்க. இங்கிலீஷிலை கேட்டா யெஸ் ஓ நோ ஓ சொல்லித்தானே ஆகணும்."

கவுன்சிலில் நான் இங்கிலீஷிலும் அதைச் சொல்லாமல் தப்பிக்கொண்டிருந்தது, பாவம், அவளுக்குத் தெரியாது.

மாமி என்று அவள் சொன்னது என் தங்கை றெஜினாவை. டூட்டிங்கில் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு ஆரம்பப் பள்ளியில் மதிய உணவு மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவள். என் மனைவி இறந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் வந்து திங்கட்கிழமை போவாள். அவள் கல்யாணம் செய்யவில்லை. அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். என்னால் முடிந்த அளவு தள்ளிப் போடுகிறேன், பார்த்தீர்களா?

3

செலின் முப்பத்தைந்து வயதில் மத்தியு என்கிற பிரெஞ்சுப் பெடியனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கிற பொறியியலாளர்கள். மெல்லிய நெட்டையான பெடியன். செலினிடம் கற்றதால் அவன் பேசுகிற கொஞ்சத் தமிழும் அசல் யாழ்ப்பாணத் தமிழ். முதலில் பழகிய சொல் "காணும்", போதும் என்று அர்த்தம். றெஜினா பரிமாறுகிற மேசையில் அது உயிர் காக்கும் சொல். அவன் "காணும் மாமி, காணும்" என்று கையால் தட்டை மறைப்பான். அவள் விரல் இடுக்கால் இன்னொரு றோல்ஸை வைப்பாள்.

பெடியனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் பயந்தேன். குறை இருந்தால் இல்லை என்று சொல்லிவிடலாம். குறை இல்லாதவனுக்கு ஓம் சொல்ல வேண்டுமே.

"அப்பா, நாங்க கல்யாணம் செய்யப் போறம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று செலின் கேட்டாள்.

"எங்கடை முறை எண்டு ஒண்டு இருக்குதெல்லோ. தாய் தகப்பன் வீட்டை வந்து கேக்க வேணும்."

பிரான்சின் மூலையில் மாடுகளுக்கு நடுவில் இருக்கிற மனிதர் எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். செலின் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது: சனிக்கிழமை வருகிறார்கள், கடலுக்கு அடியால் போகிற ரயிலில்.

றெஜினா வியாழக்கிழமையே டூட்டிங்கிலிருந்து சாமான்களோடு வந்து இறங்கினாள். பயத்தம் மா வறுத்தாள், பாகு காய்ச்சினாள், பணியாரம் சுட்டு நீலப் பிஸ்கட் தகரத்தில் அடுக்கி மூடினாள். நான் ஒன்றை எடுக்கக் கை வைத்தேன். "அது சம்பந்திப் பகுதிக்கு" என்று கையில் அடித்தாள். சம்பந்தி என்ற சொல்லை அவள் அவ்வளவு சந்தோசமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

4

ரேமோன் கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றார். ஒரு கையில் உலர்த்திய வாத்து, மறுகையில் ஒரு பை நிறைய வால்நட். மனைவி ஒடெத்தின் கையில் சிவப்பு வைன். உள்ளே வந்ததும் என் மனைவியின் படத்தின் முன் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். எனக்கு அந்த இடத்திலேயே மனம் இளகியது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டில் மத்தியுதான் மொழிபெயர்ப்பாளன். இறால் பொரியலைக் கடித்து ரேமோன் ஏதோ சொன்னார். மத்தியுவே திருதிருவென்று விழித்தான்.

"அப்பா இப்ப பிரெஞ்சு கதைக்கேல்லை" என்றான். "அது அவற்றை பாசை. எனக்கு அரைவாசிதான் விளங்கும்."

என்ன பாசை என்று கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு ரேமோன் கரண்டியை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மத்தியு மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான்.

ரேமோன் சின்ன வயதில் வீட்டில் அந்த மொழியைத்தான் பேசினாராம். ஆனால் அதற்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது. "பத்துவா" என்பார்களாம். நாட்டுப்புறத்தான் உளறுவது என்கிற மாதிரி ஒரு சொல். அவருடைய தகப்பன் காலத்தில் பள்ளிக்கூடத்தில் அதைப் பேசுகிற பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அதை வாங்கிச் சுமந்த தகப்பன் பிள்ளைகளோடு பேசும்போதும் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்துவாராம்.

ரேமோன் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஒருநாள் கன்று ஈன முடியாத மாடு ஒன்றைப் பார்க்கப் போகிற வழியில், தெருவோர மதிலில் பெரிய சிவப்பு எழுத்தில் "ஒக்" என்று எழுதியிருந்ததாம். வேறொன்றும் இல்லை. ஓம் என்கிற ஒரு சொல் மட்டும்.

"யார் யாருக்கு, எதற்கு ஓம் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன்" என்றார் ரேமோன். "மாட்டுக்காரனிடம் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. மடையா, அதுதான் நீ பேசுகிற மொழியின் பெயர் என்றான். இருபத்தைந்து வயதில், கை முழங்கை வரை மாட்டுக்குள் இருக்க, என் மொழியின் பெயரைக் கேட்டேன்."

முன்னொரு காலத்தில் அந்தப் பக்கத்து மொழிகளை அவற்றில் ஓம் என்பதற்கு உள்ள சொல்லை வைத்தே பிரித்தார்களாம். இத்தாலியர் "சி" என்பவர்கள். வடக்குப் பிரெஞ்சுக்காரர் "ஒயில்" என்பவர்கள். அதுதான் தேய்ந்து இன்றைய "உய்" ஆனது. தெற்கில் உள்ளவர்கள் "ஒக்" என்பவர்கள். எழுநூறு வருடங்களுக்கு முன்னமே ஒரு இத்தாலியர் இதை எழுதி வைத்திருக்கிறாராம். லாங்கதொக் என்று ஒரு மாகாணத்துக்கே பெயர் வந்தது. ஒக் சொல்கிற மொழி என்று அர்த்தம்.

"மொழிக்குத்தான் பெயர் ஓம்" என்றார் ஒடெத். "பேசுகிற ஆள் வீட்டில் எதற்கும் அதைச் சொல்வதில்லை."

றெஜினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவ எங்கடை வீட்டுக் கதையை ஆரிட்டைக் கேட்டவ?"

எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. நாங்களும் அப்படித்தானே! மதராசில் அகதியாக வீடு தேடித் திரிந்த காலத்தில், ஓம் என்று வாய் திறந்தாலே சிலோன்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்காரர் உடனே வீடு காலி இல்லை என்பார். நான் கண்ணாடி முன் நின்று ஆமா, ஆமாங்க என்று பழகினேன். இன்றைக்கும் அப்டன் பார்க்கில் தமிழ்க் கடைக்குள் போனால், காசு வாங்குகிற பிள்ளை ஓம் என்கிறதா, ஆமா என்கிறதா என்பதை வைத்துத்தான் ஊரை அறிகிறோம். இதையெல்லாம் சொன்னேன். மத்தியு சொல்லி முடிக்க முன்னமே ரேமோன் மேசையில் தட்டினார்.

"அப்படியென்றால் நீங்களும் ஒரு ஒக்சித்தான்!"

ஒக் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். லத்தீனிலிருந்து என்றார். ஹோக். "இது" என்று அர்த்தம். கேள்வி கேட்டால் "இது, இதுவேதான்" என்று பதில் சொல்லிச் சொல்லி அது ஓம் ஆகிவிட்டது.

ஹோக்! எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும். சின்ன வயதில் நான் பூசைக்கு உதவி செய்தவன். அப்போது பூசை லத்தீனில். சாமியார் அப்பத்தைக் கையில் எடுத்துக் குனிந்து சொல்லுகிற வசனத்தின் முதல் சொல் அது. அதைக் கேட்டதும் மணியில் கை வைத்து ஆயத்தமாக இருந்து மூன்று தரம் அடிக்க வேண்டும். நான் கரண்டியால் கிளாசில் மூன்று தரம் தட்டினேன். ரேமோன் ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரும் தன் கிளாசில் மூன்று தரம் தட்டினார். அவரும் மணியடித்த பெடியன்! நான் லத்தீனில் ஒரு வரி சொல்ல, அவர் அடுத்ததைச் சொல்ல, அர்த்தம் பாதி மறந்த இரண்டு கிழவர்கள் வாத்துக்கும் இறாலுக்கும் நடுவில் பூசை முழுவதையும் ஓட்டி முடித்தோம்.

"இது நோர்மல் இல்லை" என்றாள் செலின். ஆனால் சிரித்துச் சிரித்து அவள் கண் கலங்கியிருந்தது. அவளைச் சிரிக்க வைத்து எத்தனை காலம் என்று அப்போது நினைத்தேன்.

5

சாப்பாடு முடிந்ததும் ரேமோன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். ஒடெத்தும் எழுந்தார். ரேமோன் முதலில் தன் மொழியில் சொன்னார், பிறகு பிரெஞ்சில். மத்தியு காது சிவக்க மொழிபெயர்த்தான். "உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறோம். உங்கள் பதிலைச் சொல்லுங்கள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனம் முழுக்க ஓம்தான் இருந்தது, சத்தியமாக. வாயிலிருந்து வந்தது வேறு.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்றேன். மத்தியு மொழிபெயர்க்க வசதியாக இருக்கட்டுமே என்று ஆங்கிலத்திலும் சொன்னேன், கவுன்சில் குரலில்: பரிசீலித்து அறியத் தருவோம்.

ஊரில் உள்ளவர்களுக்கு இதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கேட்டவுடன் ஓம் சொல்வது மரியாதை இல்லை. பெண்ணில் ஏதோ குறை, தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். அதனால் யோசித்துச் சொல்கிறோம் என்போம். உண்மையான பதில் அதற்குப் பிறகு குசினியிலிருந்து வரும். வெறும் தேநீர் வந்தால் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று அர்த்தம். தேநீரோடு பணியாரத் தட்டு வந்தால் ஓம். வந்தவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு போவார்கள்.

நான் றெஜினாவைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவளும் தகரத்தைத் திறந்து தட்டு நிறையப் பணியாரத்தை அடுக்கிக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். என் மட்டில் நான் ஓம் சொல்லி முடித்துவிட்டேன்.

ஆனால் தெற்குப் பிரான்சில் பணியாரத்துக்கு அப்படி ஒரு அர்த்தம் இல்லை. ரேமோன் மெல்ல உட்கார்ந்தார். ஒடெத் கைத்துண்டை நாலாக மடித்தார். ஆளுக்கு ஒன்றை எடுத்து, ஆறுதலுக்குத் தருகிற இனிப்பை வாங்குகிறவர்கள் மாதிரி, குனிந்த தலையோடு கடித்தார்கள். நன்றி சொன்னார்கள். ஹோட்டலுக்குப் போக வேண்டும் என்றார்கள். செலினும் கைப்பையை எடுத்தாள். அவளுக்கு இந்தத் தட்டுச் சமாசாரத்தை நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வாசலில் அவள் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"அப்பா, அவை எவ்வளவு தூரத்திலை இருந்து வந்தவை. எனக்குப் பார்க்கிங் டிக்கெட்டுக்கு எழுதின பதிலைத் தந்திட்டீங்க."

கதவு சாத்தப்பட்டது.

6

குசினியில் றெஜினா தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஓம் எண்டுதானே நினைச்சனீங்கள்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஓம்."

"இப்ப என்ன வடிவாய் வருது. அப்ப எங்கை போனது?"

"எங்கடை முறை எண்டு ஒண்டு..."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. பண்டத்தரிப்பு ஆக்களுக்கும் இந்த முறைதானே சொன்னனீங்கள்."

நாற்பது வருடத்தில் அவள் அந்த ஊரின் பெயரை என் முன்னால் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த கதை இதுதான்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் சொல்லுக்கு உரியவன் நான். பண்டத்தரிப்பிலிருந்து ஒரு குடும்பம் றெஜினாவைக் கேட்டு வந்தது. மாப்பிள்ளை விஞ்ஞான வாத்தியார், அமைதியான மனிதன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். நான் யோசித்துச் சொல்கிறோம் என்றேன். ஏனென்றால் லண்டனில் ஒரு டொக்டர் மாப்பிள்ளை இருப்பதாக உறவுக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்பது என் எண்ணம். அந்த டொக்டர் கடைசிவரை வரவில்லை. வாத்தியாரின் ஆட்கள் ஒரு வருடம் காத்திருந்தார்கள். பிறகு சண்டை, இடப்பெயர்வு, அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யுத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். யுத்தத்தின் மேல் எதையும் போடலாம். அது மறுத்துப் பேசாது.

"அண்டைக்கு நான் குசினிக்குள்ளை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான்" என்றாள் றெஜினா. "விடியவே எழும்பிப் பணியாரம் சுட்டு வைச்சிருந்தனான். நீங்கள் உள்ளை வந்து, தேத்தண்ணி மட்டும் காணும் எண்டனீங்கள்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மனுசன் இப்ப கனடாவிலை மொட்டைத் தலையோடை பேரப்பிள்ளையளுக்கு டயப்பர் மாத்துதாம். அது போகட்டும், நான் தப்பிட்டன்." சிரித்தாள். பிறகு தண்ணீரை நிறுத்தினாள். "ஆனால் அவைக்குச் சொல்லாட்டியும் எனக்கெண்டாலும் ஒரு பதில் சொல்லியிருக்கலாம் அண்ணை. ஓமோ இல்லையோ. நான் எத்தினை காலம் பாத்துக்கொண்டு இருந்தனான் தெரியுமோ?"

அவள் கையைத் துடைத்துவிட்டு, மிச்சப் பணியாரத்தை ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு மூடினாள்.

"சப்பாத்தைப் போடுங்கோ. வெளிச்சம் கிடக்கேக்கை போவம்."

7

ஆனி மாதம். மாலை ஆறு மணிக்கும் வெயில் நின்றது. ஹரோவுக்குப் போகிற பஸ்ஸில் நான் வாய்க்குள் ஒக், ஒக் என்று சொல்லிப் பழகினேன். முன் ஆசனத்துக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்து, தவளை என்று நினைத்ததோ என்னவோ, சிரித்தது.

"உரத்துச் சொல்லுங்கோ" என்றாள் றெஜினா. "பாப்பம் மாதிரி வாய்க்குள்ளை சொன்னால் திரும்பவும் விளங்காமல் போயிடும்."

ஹோட்டலின் கீழ் மண்டபத்தில் நாலு பேரும் ஒரு சின்ன மேசையைச் சுற்றி, செத்தவீட்டில் போல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கூட்டம் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் நேரே போய் ரேமோனின் முன் நின்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஒக்" என்றேன்.

ரேமோன் என்னை அண்ணாந்து பார்த்தார். செலின் எழுந்தாள். நான் மத்தியுவிடம் தட்டு விசயத்தைச் சொன்னேன். கேட்டவுடன் ஓம் சொல்லாத வழக்கம், வெறும் தேநீர், பணியாரம், எல்லாம். அவன் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, ஒடெத் கையால் வாயைப் பொத்தினார். "அப்படியானால் அது ஓமா? நான் ஒன்றைத்தானே சாப்பிட்டேன்!"

"வழக்கம் பாதி" என்றேன். "பயம் பாதி. அதையும் சொல்லிவிடு, மத்தியு."

ரேமோன் கையிலிருந்த கிளாசைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்தார். கேள்வி இல்லாமல் பதில் இருக்கக் கூடாது என்று சொன்னாராம். கோட்டுப் பொத்தானைத் திரும்பவும் பூட்டினார். பியர் கிளாசுகளுக்கும் கால்பந்துக்கும் நடுவில் நின்று, குரலைத் தாழ்த்தாமல், முழுவதையும் தன் மொழியிலேயே கேட்டார். தகப்பன் அக்கம்பக்கம் பார்த்துப் பேசிய மொழி. கால்பந்து பார்த்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"ஒக்" என்றேன். "ஓம். யெஸ். உய்."

"அப்பா, ஒண்டு காணும்" என்றாள் செலின்.

என் மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். எதற்கென்று தெரியாமலே கால்பந்துக் கூட்டம் கைதட்டியது. றெஜினா ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து மேசைக்கு மேசை பணியாரம் கொடுத்துக்கொண்டு போனாள். வேலை செய்கிற பிள்ளை வந்து, வெளிச்சாப்பாடு இங்கே கூடாது என்றது. அதன் வாய்க்கும் ஒன்று போனது.

"மேன்முறையீடு வெண்டாச்சு" என்று செலின் என் காதுக்குள் சொன்னாள். தமிழில் சொன்னாள்.

8

சித்திரையில் கல்யாணம் நடந்தது. அதை விரிக்கப் போவதில்லை. படங்களை உறவினர் கைத்தொலைபேசிகளில் பார்த்திருப்பீர்கள். கேட்பதற்கெல்லாம் உடனே பதில் சொல்லப் பழகுகிறேன். சில நேரம் இல்லை என்றும் சொல்கிறேன். செலின் அதையும் சந்தோசமாக வாங்கிக்கொள்கிறாள். அவளும் மத்தியுவும் பூனை வளர்க்கப் போகிறார்களாம். விடுமுறைக்குப் போகும்போது என்னிடம் விடலாமா என்று கேட்டாள். ஓம் என்றேன். எனக்குப் பூனை ஒத்துவராது. பரவாயில்லை.

போன ஞாயிறு அவர்கள் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். ரேமோனின் தொலைபேசி வந்தது. மத்தியு அதை மேசை நடுவில் வைத்தான். ரேமோனுக்கு ஒரு வருடமாக ஒரு சந்தேகமாம். ஒக் என்பது "இது" என்று சொன்னேனே, உங்கள் ஓம் எங்கிருந்து வந்தது?

ஆகும் என்பது சுருங்கி ஆம் ஆனது, எங்கள் வாயில் அது ஓம் ஆனது என்று நான் படித்ததைச் சொன்னேன். ஆகும் என்றால் நடக்கும் என்று அர்த்தம் என்றேன்.

மத்தியு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இது. ஆகும்." பிறகு சேர்த்துச் சொன்னான்: "இது ஆகும்!" தொலைபேசிக்குள் ரேமோன் கிளாசில் மூன்று தரம் தட்டுகிற சத்தம் கேட்டது.

பிள்ளைகள் போன பிறகு றெஜினா குசினிக்குள் நின்றாள். நான் கதவு நிலையடியில் நின்றேன். ஒரு வருடமாக வாய்க்குள் பழகிக்கொண்டிருந்ததை உரத்துச் சொன்னேன்.

"றெஜி, பண்டத்தரிப்பு விசயத்திலை நான் செய்தது பிழை. சண்டை செய்த பிழை இல்லை, நான் செய்த பிழை. நீ என்னை மன்னிக்க வேணும். மன்னிப்பியோ?"

அவள் கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறைந்து வழிந்தபோதுதான் பைப்பை மூடினாள். முகத்தைக் காட்டவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்றாள். "போய் இருங்கோ."

நான் போய் மேசையடியில் இருந்தேன். வெளியே ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் வந்து நின்று போனது. கேத்தல் கொதித்து ஓய்ந்தது. றெஜினா வந்து தேநீரை என் முன் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

நான் தேநீரைத் தொடவில்லை. அதன் ஆவியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

குசினிக்குள் நீலப் பிஸ்கட் தகரத்தின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.